இன்னொருவருடைய தும்மல்

கிளறிற்றா தமிழ் பேசினால் லண்டன் தோர்ண்டன் ஹீத்தின் தமிழ்க் கடைக்காரர்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். தலைமயிர் கட்டையாக வெட்டி, காதில் பெரிய மரத்தோடு போட்டிருக்கும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணின் வாயிலிருந்து எண்பதுகளின் யாழ்ப்பாணத் தமிழ் வரும். அவளுடைய தமிழ் 1984இல் கப்பலேறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஊரில் வந்த சொற்கள் எதுவும் அவளுக்குத் தெரியாது.

அந்த ஆண்டில் அவளுடைய அப்பா றெஜினோல்ட் கணித ஆசிரியர் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிரெனடாவுக்குப் போனார். ஊரில் பாதிப்பேர் கனடா என்று நினைத்து வாழ்த்தி அனுப்பினார்கள். போய் இறங்கியது கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. தெருவெல்லாம் சாதிக்காய் மணந்தது. வாசற்படிக்கு உள்ளே தமிழ் மட்டும்தான் என்று அம்மா மேரிறோஸ் சட்டம் போட்டார். வாசலுக்கு வெளியே ஆறு வயதுக் கிளறிற்றா அந்தத் தீவின் பாட்டுப்போன்ற ஆங்கிலத்தைப் பேசப் பழகினாள்.

அவர்கள் போவதற்கு ஒரு வருடம் முன்புதான் அங்கே ஆட்சி கவிழ்ந்து, தலைவர்களைச் சுட்டு, அமெரிக்கப் படை வந்து இறங்கியிருந்தது. சுடப்பட்டவர்கள் சிலருடைய உடல் கிடைக்கவே இல்லை. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் பிள்ளைகள் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வரும், அம்மா வாசித்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவார். ஆட்கள் காணாமற் போவதும், அதைப் பற்றிப் பேசாமலிருப்பதும் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவானது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் ஒரு கதை எழுதினாள். அந்தக் கதையில் கடலை அரசாங்கம் வாடகைக்கு விடும், வாடகை கட்டாதவர்களின் பெயரைக் கடல் மறந்துவிடும்.

இருபத்தொரு வயதில் லண்டனுக்குப் படிக்க வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். ஒரு நூலகத்தில் வேலை. அப்பா இறந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டாள். நாளைக்கு நடக்கக்கூடியதை இன்றைக்கே நடந்துவிட்டதாக வைத்து எழுதும் கதைகள் அவளுடையவை. ஒன்றில் மழை ஒரு கம்பெனியின் சொத்து. இன்னொன்றில் விசா இல்லாதவர்களுக்கு நிழல் விழாது. இரண்டு புத்தகமும் சின்னப் பதிப்பகத்தில் வந்தன, இருநூறு முந்நூறு பேர் வாசித்தார்கள். கைச்செலவுக்காக மாதத்தில் மூன்று நாலு தடவை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் போவாள். அகதி அந்தஸ்து கேட்டு வந்தவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கேட்டது எதையும் வெளியே சொல்வதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தாள்.

2018 மார்ச்சில் அங்கே வந்தவர் ஞானேஸ்வரன். முல்லைத்தீவுக்காரர், அப்போது முப்பத்தேழு வயது. வயதான ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம். இரண்டு மணித்தியாலமாகத் திகதிகளும் இடங்களுமாகச் சொல்லிக்கொண்டு வந்த ஞானேஸ்வரன், முகாம் என்ற சொல் வந்ததும் நிறுத்தினார். கதவைப் பார்த்தார். பிறகு கிளறிற்றாவைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மனிசிக்கும் தெரியாது."

2009இல் போர் முடிந்து சனத்தை அடைத்து வைத்த முகாமில் இராணுவத்தினர் அவரைக் கதிரையில் இருத்தித் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்திருந்தார்கள். செத்தல் மிளகாய் வந்த சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சனத்தை வரிசையாக முன்னால் நடத்துவார்கள், இயக்கத்தில் இருந்தவரைக் கண்டால் தலையாட்ட வேண்டும். ஒருவருக்கும் ஆட்டுவதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். அடித்தாலும் சரி. மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தார். மிளகாய்த் தூள் மூக்கில் ஏறியது. அடக்கினார், அடக்கினார், முடியவில்லை. தும்மினார். தலை முன்னுக்குப் போய் வந்தது. அந்த நேரத்தில் எதிரே நின்ற மனிதரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோடு போட்ட சேர்ட், ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னால் ஒரு சின்னப் பிள்ளை அப்பா, அப்பா என்று கத்தியது.

"நான் தும்மினனான் எண்டு சொல்லிப் பாத்தன். அவங்களுக்குத் தமிழ் விளங்கேல்லை."

கிளறிற்றா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். 'நான்' என்றே சொல்ல வேண்டும், அதுதான் விதி. நான் தும்மினேன், நான் சொல்லிப் பார்த்தேன். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை எழுத வேண்டாம் என்றார். எழுதினால் ஆட்களைப் பிடித்துக் கொடுக்க உதவியவர் என்று இவரையே மாட்டிவிடுவார்கள். அந்தப் பகுதி அப்படியே விடப்பட்டது.

அன்று பின்னேரம் வீடு திரும்பும் பஸ்ஸில் மேல்தட்டில் இருந்து அவள் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். திகதி போட்டாள். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒன்றும் விடாமல் எழுதினாள். மனப்பாரம் இறங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் எழுதி முடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நல்ல இடம் கிடைத்த எழுத்தாளருக்கு வரும் சந்தோஷம். அது வந்ததை அவள் கவனித்தாள். கவனித்தும் புத்தகத்தைக் கிழிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து அவளுடைய மூன்றாவது நாவல் வந்தது. பெயரில்லாத ஒரு தீவு. தேர்தலுக்குப் பதிலாகச் சாக்குத் தலையர்கள் வருடத்துக்கு ஒருமுறை சந்தியில் உட்கார்ந்து, யார் குடிமக்கள், யார் இல்லை என்று தலையாட்டித் தீர்மானிப்பார்கள். அவர்களில் ஒருவன் சாதிக்காய் மூட்டைத் தூளில் தும்மிவிடுகிறான். அங்கிருந்துதான் கதையே தொடங்கும். பெரிய பத்திரிகைகள் எழுதின. ஒரு பரிசும் கிடைத்தது. பரிசு மேடையில் நடுவர் ஒருவர், அந்தத் தும்மலை மட்டும் நினைத்தாலே போதும், அது எவ்வளவு பெரிய கற்பனை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கிளறிற்றா தலையைக் குனிந்து நன்றி சொன்னாள்.

மேரிறோஸ் அந்தப் புத்தகத்தை முன்னறையில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். கோவிலில் பார்க்கும் ஆட்களிடமெல்லாம் சொன்னார். ஒருநாள் மகளிடம் கேட்டார்.

"உந்தத் தும்மல் கதை உனக்கு என்னண்டு பிள்ளை தோன்றினது?"

"சும்மா தோன்றினதம்மா."

அம்மாவுக்குச் சொன்ன அந்தப் பொய்க்குப் பிறகு அவள் முன்னறையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். ஞானேஸ்வரனின் வழக்கு என்னவாயிற்று என்று அவள் விசாரிக்கவும் இல்லை. அந்த வழக்கறிஞர் கோவிட்டில் இறந்துபோனார், அலுவலகம் மூடப்பட்டது, அவள் வேறோர் இடத்துக்கு மொழிபெயர்க்கப் போனாள். விசாரித்திருக்கலாம். இரண்டு தொலைபேசி அழைப்பு போதும்.

2024 சித்திரையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் மேனுஷா, கிங்ஸ்பரியில் வழக்கறிஞர். மரியாதையாக எழுதியிருந்தார். தன்னுடைய கட்சிக்காரர் ஒருவரின் முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. 2022இல் புதிதாக எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் முகாமில் நடந்த ஒரு தும்மலும் இருக்கிறது. போன மாதம் விசாரணையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் உங்கள் நாவலை மேசையில் வைத்தார். 2018 வாக்குமூலத்தில் இல்லாத சம்பவம், 2021இல் நாவல் வந்த பிறகு முளைத்திருக்கிறது, இது புத்தகத்திலிருந்து எடுத்த கதை என்கிறார்கள். விசாரணை தள்ளிப்போயிருக்கிறது. இப்படியான சம்பவங்கள் நடந்தவைதான் என்று நீங்கள் ஒரு கடிதம் தர முடியுமா?

கட்சிக்காரரின் பெயரை மேனுஷா எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கிளறிற்றா நூலகத்தின் ஊழியர் அறையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபடி அதை வாசித்தாள். தேத்தண்ணி வாய் வைக்காமலே ஆறியது.

அன்றைக்கே பதில் எழுதினாள். போரில் தலையாட்டிகள் இருந்தது எல்லோருக்கும் தெரிந்த விடயம், இப்படியான கதைகளைத் தமிழர்களிடம் நானும் கேட்டிருக்கிறேன், நாவலுக்கு அவையே அடிப்படை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. அப்படிப் பொய் இல்லாமல் எழுதுவதற்கு அவளுக்கு நாலு மணித்தியாலம் பிடித்தது.

மேனுஷா நன்றி சொல்லி, யாரிடம், எப்போது கேட்டீர்கள் என்று தெரிந்தால் இன்னும் உதவும் என்றார். நினைவில்லை என்று எழுதினாள். அது பொய்.

கடிதத்தில் கையெழுத்திட ஒரு வெள்ளிக்கிழமை கிங்ஸ்பரிக்குப் போனாள். அறைக்குள் நுழைந்தபோது ஜன்னலோரக் கதிரையிலிருந்து ஒருவர் எழுந்தார். தலை பாதி நரைத்து, முகம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் எழுந்து நிற்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்ட விதம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"இவ தான் அந்த நொவெல் எழுதினவ, அங்கிள்," என்றார் மேனுஷா.

"ஓம். புத்தகத்துக்குப் பின்னாலை படம் பாத்தனான்," என்றார் ஞானேஸ்வரன். "வணக்கம்."

முதன்முதலாகச் சந்திப்பவருக்குச் சொல்லும் வணக்கம். அவள் பதிலுக்குக் கைகூப்பினாள். மேனுஷா கடிதத்தைப் பிரதி எடுக்க வெளியே போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"என்னைத் தெரியுமெண்டு ஏன் நீங்கள் அவவுக்குச் சொல்லேல்லை?" என்று அவள் கேட்டாள்.

"சொன்னா உங்கடை வேலை போயிடுமெல்லோ."

"உங்கடை வழக்கு?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அக்கா, ஒருத்தரைக் காட்டிக் குடுத்ததே எனக்குக் காணும். கோர்ட்டிலை படத்தைக் காட்டி, இவவைத் தெரியுமோ எண்டு கேட்டவை. தலையை அசைக்காமல் இருந்திட்டன். நீங்களா வந்து சொன்னா அது வேறை."

"நான் வராமல் விட்டிருந்தால்?"

"வந்திட்டியள் தானே," என்றார் அவர். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அவள் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் நம்பிவிட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுடைய கைப்பையில் இருந்தது கையெழுத்துப் போட எடுத்து வந்த பேனை மட்டும்தான்.

மேனுஷா பிரதிகளோடு உள்ளே வந்து, "இங்கை, அன்ரி," என்று கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.

"இந்தக் கடிதம் சரியில்லை," என்றாள் கிளறிற்றா. "2018இலை இவருக்கு மொழிபெயர்த்தது நான்தான். அந்தக் கதையை இவர் எனக்கு முன்னாலைதான் சொன்னவர். நான் எடுத்து எழுதிப்போட்டன்."

மேனுஷா கையிலிருந்த பிரதிகளை மேசையில் கவிழ்த்து வைத்தார். இளம் பெண், லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். கிளறிற்றாவின் நாவலை அவர் பல்கலைக்கழகத் தோழிகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தது பிறகுதான் தெரிய வந்தது. ஞானேஸ்வரனைப் பார்த்தார். "அங்கிள், உங்களுக்குத் தெரியுமா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புரூஃப் ஏதும் இருக்கா?" என்று மேனுஷா கிளறிற்றாவிடம் கேட்டார். அதற்குப் பிறகு அவர் 'அன்ரி' என்று அவளைக் கூப்பிடவே இல்லை.

"அண்டைக்கே ஒரு கொப்பியிலை எழுதினனான். திகதியோடை இருக்கு."

"அதைத் தந்தா உங்களுக்கு என்ன நடக்குமெண்டு தெரியுமோ?"

"தெரியும்."

அந்த வார முடிவில் அவள் அம்மாவிடம் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, மேரிறோஸ் சமையலறையில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கத்தியை வைக்கவில்லை, வெட்டுவதையும் நிறுத்தவில்லை.

"பாவசங்கீர்த்தனம் செய்தனியோ?"

"ரெண்டு வரியமா ஒவ்வொரு மாசமும் செய்யிறன்."

"சாமியாரிட்டை. அந்த மனிசனிட்டைக் கேட்டனியோ மன்னிப்பு?"

அவள் கேட்கவில்லை. அறையில் அவ்வளவு பேசியும் அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அன்று பின்னேரம் முன்னறைக்குப் போனபோது சுரூபத்துக்குப் பக்கத்தில் புத்தகம் இல்லை. அம்மா அதை எங்கே வைத்தார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனியில் விசாரணை மறுபடி நடந்தது. சின்ன அறை, நீதிபதி ஒரு பெண்மணி. குறிப்புப் புத்தகத்தை ஒரு நிபுணர் ஏற்கெனவே சோதித்து, அதே புத்தகத்தில் முன்னும் பின்னும் இருந்த பக்கங்களின் திகதிகளையும் பார்த்து அறிக்கை தந்திருந்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் இளைஞர், குரலை உயர்த்தாதவர்.

அந்தக் குறிப்பை எழுதும்போது அது யாருடைய வாழ்க்கை என்று தெரிந்திருந்ததா என்று அவர் கேட்டார்.

தெரிந்திருந்தது என்றாள்.

இரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்திருந்தீர்களா?

ஆம்.

நாவலில் சேர்ப்பதற்கு அவரிடம் அனுமதி கேட்டீர்களா?

இல்லை.

ஏன்?

இந்தக் கேள்விக்கு மேனுஷா அவளைத் தயார்ப்படுத்தியிருந்தார். மறந்துபோனேன், கதை மாறிவிட்டது என்று நினைத்தேன், இப்படி ஏதாவது. அவள் பக்கத்தில் இருந்த ஞானேஸ்வரனைப் பார்த்தாள். அவருக்கு அருகில் இருந்த புது மொழிபெயர்ப்பாளர், தாடி வைத்த ஒரு பெடியன், அவருடைய காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கேட்டால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை."

மொழிபெயர்ப்பாளன் அதைத் தமிழில் சொன்னான். சொல்லும்போது 'நான் கேட்கேல்லை' என்று தன்னையே சொல்வதுபோலச் சொன்னான், விதிப்படி. ஞானேஸ்வரன் கேட்டுவிட்டு மெல்ல மூக்கைத் துடைத்தார்.

இன்னும் ஒரு கேள்வி வந்தது. பரிசுத் தொகையை என்ன செய்தீர்கள்? வழக்குக்கு அது தேவையில்லை என்று நீதிபதி நிறுத்தினார். அவர் நிறுத்தாமல் விட்டிருக்கலாம் என்று கிளறிற்றாவுக்குத் தோன்றியது.

ஆறு கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. ஞானேஸ்வரன் சொன்னது உண்மை, தும்மலை உதவி செய்ததாக எடுக்க முடியாது, அவர் இந்நாட்டில் இருக்கலாம். மேனுஷா ஒரே வரியில் அதை அறிவித்திருந்தார். கிளறிற்றாவின் பெயர் மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பரிசை அவளே திருப்பிக் கொடுத்தாள். ஒரு பத்திரிகை எழுதியது. இணையத்தில் சிலர் அவளைத் திருடி என்றார்கள், சிலர் எல்லா எழுத்தாளரும் செய்வதுதானே என்று ஆதரவாகப் பேசினார்கள். அந்த ஆதரவைத்தான் அவளால் வாசிக்க முடியவில்லை. பதிப்பகம் அடுத்த நாவலைப் பிறகு பார்க்கலாம் என்றது. நூலக வேலை மட்டும் மிஞ்சியது.

ஐப்பசியில் மோர்டனுக்குப் போனாள். ஞானேஸ்வரன் அங்கே ஒரு தமிழ் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஷிப்ட் முடிந்து, மாப் படிந்த சப்பாத்தோடு வெளியே வந்தார். இருவரும் பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்தார்கள். அவள் மன்னிப்புக் கேட்டாள். பல நாள் ஒத்திகை பார்த்த வசனங்கள் எதுவும் வரவில்லை. "என்னை மன்னியுங்கோ" என்று மட்டும்தான் வந்தது.

அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சப்பாத்தில் படிந்த மாவைத் தட்டிவிட்டு, "ஒண்டு கேக்கலாமோ?" என்றார்.

"கேளுங்கோ."

"எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. உங்கடை கதையிலை, தும்மினவுடனை ஒருத்தரைக் கொண்டு போறாங்களெல்லோ. அவருக்குக் கடைசியிலை என்ன நடந்தது?"

"திரும்பி வாறார்," என்றாள். "பத்து வரியம் கழிச்சு. மகளுக்குக் கலியாணம் நடக்கிற அண்டைக்கு வாறார்."

வாசகர்கள் அழுததாகச் சொன்ன இடம் அது. ஞானேஸ்வரன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் வரேல்லை," என்றார். "கிருஷ்ணராசா எண்டு பேர். நான் வெளிக்கிட முன்னம் வவுனியாவிலை, காணாமற்போன ஆக்களுக்காகச் சனம் இருக்கிற கொட்டிலிலை அவற்றை படம் பேரோடை தொங்கினது. அவற்றை மனிசி அதுக்குக் கீழை இருந்தவ. நான் கிட்டப் போகேல்லை. தூர நிண்டு பாத்திட்டு வந்திட்டன்." பஸ் வரும் பக்கம் பார்த்தார். "இப்ப பேப்பர் கிடைச்சிட்டுது. இனி என்னை ஒருத்தரும் அனுப்பேலாது. அவவுக்கு ஒரு கடிதம் எழுதவேணும்."

கிளறிற்றாவின் மனம் ஒரு நொடியில் துள்ளியது. செய்த பிழைக்கு ஈடுகட்ட இதுதான் வழி என்று பட்டது. "நான் எழுதித் தாறன். நீங்கள் சொல்லச் சொல்ல அப்பிடியே எழுதிறன். ஒரு சொல்லும் மாத்தமாட்டன்."

ஞானேஸ்வரன் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. களைத்த மனிதரின் முகம்.

"வேண்டாம் அக்கா. என்ரை எழுத்து வடிவில்லைத்தான். எண்டாலும் நானே எழுதிறன்."

அவருடைய பஸ் வந்தது. ஏறும்போது கையை உயர்த்தினார். அவள் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். பிறகு அதிலும் ஏறாமல் இன்னொன்றுக்குக் காத்திருந்தாள்.

அந்தக் கடிதம் போனதா, வவுனியாவிலிருந்து பதில் ஏதும் வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. கேட்பதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அவள் நினைக்கிறாள். தோர்ண்டன் ஹீத்தில் சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு மீன் வாங்கப் போகிறாள், நூலகத்தில் புத்தகங்களை அடுக்குகிறாள். எழுதுவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் யாராவது அருகில் வந்து தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், கொஞ்சம் பொறுங்கோ, நான் எழுதிற ஆள் என்று முதலில் சொல்லிவிடுகிறாள். பாதிப்பேர் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.